கர்ப்பப்பை எடுத்தால் சிறுநீர்க் கசிவும் நிற்குமா?

குலசேகரம்காரி:
எனக்கு 48 வயது. ரப்பர் பால் வெட்டப் போகிறேன். வாளியைத் தூக்கி மேடு ஏறினால் சிறுநீர் சொட்டுகிறது, இருமினாலும் அப்படித்தான். நாலு வருஷமாகத் துணி மடித்து வைத்துக்கொண்டுதான் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறுகிறேன். இப்போது கர்ப்பப்பை இறங்கிவிட்டது, எடுக்க வேண்டும் என்கிறார்கள். கசிவைப் பற்றி வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லவில்லை. எடுத்தால் அதுவும் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் மைனி. உண்மையா?

தக்கலை அக்கா:
அப்படி நம்பாதே தங்கச்சி. நானும் அதை நம்பித்தான் போனேன். கட்டி இருந்ததால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கசிவு உண்டா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உடம்பு தேறி முதல் ஞாயிறு திருப்பலியில் முழங்காலில் இருந்து எழுந்தேன், சேலை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் திருவனந்தபுரத்தில் காட்டினேன். முதலில் மூன்று மாதம் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. பிறகு சிறுநீர்க் குழாய்க்கு அடியில் நாடா வைத்தார்கள். ஸ்லிங் என்பார்கள், சீட்டில் TVT (டிவிடி) அல்லது TOT (டிஓடி) என்று எழுதியிருக்கும். சிறுநீர் டியூபை எடுத்ததும் முழுசாகச் சிறுநீர் போக முடியவில்லை, இன்னும் ஒரு நாள் டியூபோடு இருந்தேன். இப்போது தண்ணீர்க் குடத்தைப் பயமில்லாமல் தூக்குகிறேன். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டும் முடிந்திருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இருமும்போது கசிவது வேறு, அவசரம் வந்து கழிவறை போவதற்குள் போய்விடுவது வேறு. நாடா முதல் வகைக்குத்தான். இரண்டாவதுக்கு மாத்திரையும், நேரம் வைத்து அடக்கிப் பழகுவதும். இரண்டும் கலந்தும் இருக்கும். இறங்கிய கர்ப்பப்பை சிறுநீர்க் குழாயை மடக்கிக் கசிவை மறைத்துவிடுவதும் உண்டு. அதனால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது கர்ப்பப்பையை மேலே தள்ளிப் பிடித்து இருமச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பப்பை எடுப்பதையும் நாடா வைப்பதையும் சேர்த்தும் செய்யலாம். இல்லையென்றால் முதலில் கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சில மாதம் பார்த்து, கசிவு இருந்தால் நாடா வைக்கலாம். வலை விற்பனையை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டுக் குழம்ப வேண்டாம்: 2019இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது, கர்ப்பப்பை போன்றவை இறங்கியதற்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையின் விற்பனை. இந்த நாடா அதில் சேராது. ஆனாலும் இதுவும் செயற்கை இழைதான், சிலருக்கு வலி வரும், உள்ளே அரித்து வெளியே தெரியும், எடுப்பது கஷ்டம். அது வேண்டாம் என்றால் நம் வயிற்றுத் தசையின் மேலுறையிலேயே ஒரு துண்டு எடுத்து வைக்கும் முறையும் இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

குலசேகரம்காரி:
ரொம்ப நன்றி அக்கா. திங்கட்கிழமை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வாயால் சொல்ல வராவிட்டால் காட்டலாம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டேன். எத்தனை வாரம் வாளி தூக்கக் கூடாது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
குறைந்தது ஆறு வாரம். உங்களுக்குப் பதிலாகப் பால் வெட்ட ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.