மும்பை மழைக்காலத்தில் பெரோவ்ஸ்கைட் படலம்: மங்குவது ஏன், மஞ்சளாவது ஏன்?

முலுண்ட் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் ஓர் ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலங்கள் குறித்த முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு க்ளவ் பாக்ஸ், அதாவது நீரும் ஆக்சிஜனும் நீக்கிய மூடிய பெட்டி. அதில் லித்தியம் பேட்டரி குழுவினர் வேலை செய்கிறார்கள். என்னுடைய கரைப்பான்களின் ஆவி அவர்களுடைய பொருள்களைக் கெடுத்துவிடும் என்பதால், நான் குளிரூட்டிய அறையில், திறந்த காற்றிலேயே படலங்களை உருவாக்குகிறேன்.

என் செய்முறை இதுதான்: ஃபார்மமிடினியம் 90 விழுக்காடும் சீசியம் 10 விழுக்காடும் கொண்ட காரீய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டை டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான்களின் கலவையில் கரைத்து, டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியின்மேல் ஊற்றிச் சுழற்றுகிறேன். சுழலும்போதே, படலம் சட்டென்று படிகமாவதற்காக, டைஎத்தில் ஈதரைச் சொட்டவிட்டு, பிறகு 150 டிகிரி ஹாட் பிளேட்டில் பதப்படுத்துகிறேன். அதன்மேல் மின்னூட்டத்தைக் கடத்தும் ஸ்பைரோ என்ற கரிமப் பொருளின் அடுக்கும் தங்க மின்வாயும் வரும். ஜனவரியில் இதே செய்முறையில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பான கறுப்புப் படலங்கள் கிடைத்தன. மின்கலத்தின் திறனும் (ஒளியை மின்சாரமாக்கும் பங்கு) 17 விழுக்காட்டைத் தொட்டது. ஜூலை பிறந்ததிலிருந்து படலங்கள் சொட்டவிட்ட நொடியிலேயே பால் படிந்ததுபோல் மங்குகின்றன. திறன் 12-ஐத் தாண்டுவதில்லை. நன்றாக வந்த ஒன்றிரண்டும், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் பத்து நாள் இருப்பதற்குள் விளிம்புகளில் மஞ்சளாகிவிடுகின்றன.

நான் பின்பற்றும் ஆய்வுக்கட்டுரையில் 40 விழுக்காடு ஈரப்பதத்தில் செய்ததாக எழுதியிருக்கிறார்கள். என் அறையில் குளிர்சாதனம் 25 டிகிரியில் ஓடுகிறது. ஈரமானி 60 காட்டுகிறது. இந்த 20 விழுக்காட்டு வேறுபாடு இவ்வளவு கெடுதல் செய்யுமா? "அக்டோபர் வரை பொறுத்திரு" என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வுக்குழுவின் மதிப்பீடு செப்டம்பரில் வருகிறது.

சயான் கரைப்பான்:

உங்கள் கேள்வியில் இரண்டு நோய்கள் ஒரே பெயரில் இருக்கின்றன. சொட்டவிட்ட நொடியில் மங்குவது வேறு, பத்து நாள் கழித்து மஞ்சளாவது வேறு. முதலாவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஐந்து மழைக்காலங்கள் இதனுடன் போராடியவன் என்ற உரிமையில்.

ஈரமானி காட்டும் விழுக்காட்டை நம்பாதீர்கள். அது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 20 டிகிரியில் 40 விழுக்காடு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 7 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரியில் 60 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 14 கிராம். அந்தக் கட்டுரையின் ஆய்வகம் குளிர்ந்த நாட்டில் 20 டிகிரியில் இருந்திருந்தால், உங்கள் படலம் சந்திக்கும் நீர் அவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு. ஆகவே குறிப்பேட்டில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதி, அவற்றிலிருந்து பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்கிட்டு வையுங்கள். உங்கள் அறைக்கு அது 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இந்த எண்தான் இங்கே முக்கியம். டைஎத்தில் ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 டிகிரி. மும்பையின் வெப்பத்தில் அது கொதிப்பதற்குக் காத்திருக்கும் திரவம் என்றே சொல்லலாம். அது விருட்டென்று ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, படலத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி பனிநிலைக்குக் கீழே போய்விட்டால், கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படலத்தின்மேல் படிகின்றன. நீங்கள் பார்க்கும் மங்கலில் பெரும்பங்கு இதனால் வருவது என்பது என் கணிப்பு. ஜனவரியில் பனிநிலை தாழ்வாக இருந்ததால் அதே ஈதர் தொல்லை தரவில்லை.

எனவே ஈதரை விட்டு, மெதுவாக ஆவியாகும் ஒன்றுக்கு மாறுங்கள். குளோரோபென்சீன் 132 டிகிரியில் கொதிப்பது. எத்தில் அசிடேட் 77 டிகிரியில் கொதிப்பது. ஈரக்காற்றில் செய்பவர்களுக்கு நான் எத்தில் அசிடேட்டையே பரிந்துரைப்பேன். அது தன்னுள் சிறிதளவு நீரையும் வாங்கிக்கொள்ளும். சொட்டவிட வேண்டிய நொடி மாறும் என்பதால், இரண்டு இரண்டு நொடி இடைவெளியில் ஒரு வரிசைத் தகடுகளைச் செய்து சரியான நேரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மேலும் மூன்று சிறு செய்திகள். ஓசோனால் தூய்மை செய்த கண்ணாடியை மேசையில் காத்திருக்க விடாதீர்கள். பூசுவதற்குச் சற்று முன்பு 100 டிகிரியில் வைத்து எடுங்கள். சுழற்றியிலிருந்து ஹாட் பிளேட்டுக்கு நடக்கும் தூரத்தைக் குறையுங்கள். எங்கள் ஆய்வகத்தில் அது ஏழு அடியாக இருந்தது, அதை ஒரு கைநீட்டல் ஆக்கியதிலேயே பாதி மங்கல் போயிற்று. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உப்புப் புட்டிகளை அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காதீர்கள். மழைக்காலத்தில் அவசரமாகத் திறந்த புட்டி, மூடாமல் வைத்த அப்பள டப்பாவைப் போல உள்ளிருப்பதை நமுத்துப்போக விட்டுவிடும்.

படிகப் பார்வை:

மஞ்சள் பற்றி நான் எழுதுகிறேன். உங்கள் பொருளில் மஞ்சளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மருந்தும் அதற்கேற்ப மாறும். பெரோவ்ஸ்கைட் சிதைந்து காரீய அயோடைடு வெளிப்பட்டிருந்தால் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் 12.7 டிகிரி அருகே முகடு தோன்றும். சிதைவே இல்லாமல், ஃபார்மமிடினியம் காரீய அயோடைடு தன் கறுப்பு நிலையிலிருந்து மஞ்சள் நிலைக்குச் சரிந்திருந்தால் முகடு 11.8 டிகிரி அருகே தோன்றும். இந்தப் பொருளின் கறுப்பு வடிவம் அறை வெப்பநிலையில் அதன் இயல்பான இருப்பிடம் அன்று. 150 டிகிரியில் அடைந்த வடிவத்தை அது குளிர்ந்த பின்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பில் ஒட்டும் நீராவி அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது.

எக்ஸ்-கதிர்க் கருவிக்கு வரிசையில் நிற்க நேரமில்லை என்றால், ஸ்பைரோ பூசாத ஒரு வெறும் படலத்தை மஞ்சளாக விட்டு, மறுபடியும் 150 டிகிரி ஹாட் பிளேட்டில் சில நிமிடங்கள் வையுங்கள். கறுப்பு திரும்பினால் அது நிலை மாற்றம். மஞ்சளாகவே இருந்தால் சிதைவு. நிலை மாற்றம்தான் என்று தெரிந்தால் சீசியத்தை 15 முதல் 20 விழுக்காடு வரை உயர்த்திப் பாருங்கள். சிறிய சீசியம் அயனி கறுப்பு வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும். பட்டை இடைவெளி (பொருள் உறிஞ்சுவதற்கு ஒளியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சற்றுக் கூடும், மின்னோட்டம் சற்றுக் குறையும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஸ்பைரோவைப் பற்றியும் ஒரு குறை. அதன் கடத்துத்திறனுக்காகச் சேர்க்கும் லித்தியம் உப்பு, காற்றிலுள்ள நீரை உறிஞ்சிப் படலத்தின் தலையில் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் ஸ்பைரோ ஆக்சிஜனேற்றம் அடையக் காற்றும் வேண்டும். அதனால்தான் உலர்ந்த காற்றுள்ள பெட்டியில் ஓர் இரவு வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் பெட்டி உலர்ந்ததுதானா என்பதைச் சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீலம் இளஞ்சிவப்பாகி எத்தனை நாளாயிற்று? அடுப்பில் வைத்து உலர்த்தாத ஜெல், பெட்டிக்கு வெறும் அலங்காரம்.

தொகுதி தயாரிப்பவன்:

மேலே உள்ள இருவரும் நீரைப் பற்றியே பேசுகிறார்கள். நான் சூரியத் தகடுகளுக்கு உறையிடும் வேலையில் இருப்பவன். என் பார்வையில் நீர்தான் எளிய எதிரி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, விளிம்பைப் பியூட்டைல் ரப்பரால் அடைத்துவிட்டால் மும்பை மழை உள்ளே வருவது அரிது. வெப்பமும் ஒளியும் உள்ளேயிருந்தே செய்யும் சேதத்தை எந்த உறையும் தடுக்காது.

பெரோவ்ஸ்கைட் மின்கலத்தின் திறன், 2009-ஆம் ஆண்டு ஜப்பானின் மியாசகா குழுவினர் 3.8 விழுக்காட்டில் தொடங்கியது, இன்று ஒற்றை அடுக்கில் 26-ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கனுடன் சேர்த்த அடுக்குக் கலங்கள் 34-ஐத் தாண்டிவிட்டன. திறன் ஓடிய வேகத்தில் ஆயுள் ஓடவில்லை. ஃபார்மமிடினியத்துக்குப் பதில் மெத்தில் அமோனியம் கொண்ட பழைய பெரோவ்ஸ்கைட்டை 85 டிகிரியில் உலர்ந்த நைட்ரஜனில் வைத்தாலும் அது மெத்தில் அமீனை இழந்து சிதைகிறது. அங்கே ஒரு சொட்டு நீர்கூட இல்லை. நீங்கள் அதைத் தவிர்த்தது நல்ல முடிவு. ஆனால் உங்கள் ஸ்பைரோவும் தங்கமும் வெப்பத்தில் நல்ல கூட்டணி அன்று. 70 டிகிரியைத் தாண்டினால் தங்கம் ஸ்பைரோவின் வழியே பெரோவ்ஸ்கைட்டுக்குள் இறங்குவது அறியப்பட்ட செய்தி. மே மாத வெயிலில் மும்பைக் கூரையின்மேல் இருக்கும் ஒரு தகடு 60 டிகிரியை எளிதாகக் கடக்கும்.

தொழில்துறைக்கான ஐ.இ.சி. 61215 தேர்வில் 85 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் தாங்க வேண்டும். -40 முதல் 85 டிகிரி வரை 200 சுழற்சிகளையும் தாங்க வேண்டும். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நான்கு தகடுகளைப் பிரித்து, ஒன்றை உலர்ந்த இருட்டிலும், ஒன்றை ஈரமான இருட்டிலும், ஒன்றை உலர்ந்த 85 டிகிரியிலும், ஒன்றை நைட்ரஜனில் ஒளியின்கீழும் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு மழையைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அளக்கும்போதும் ஒரே ஒரு மின்னழுத்த வருடலை நம்பாதீர்கள். அயனிகள் நகர்வதால் முன்னோக்கி வருடினால் ஒரு திறனும் பின்னோக்கி வருடினால் வேறொரு திறனும் வரும். மின்கலம் மிக அதிக மின்திறன் தரும் உச்சத்திறன் புள்ளியில் நிறுத்திச் சில நிமிடங்களாவது பாருங்கள்.

இன்னொன்று: டி.எம்.எஃப். சாதாரண நைட்ரைல் கையுறையை விரைவில் கடந்து தோலுக்குள் போகும், காரீயத்தையும் தன்னுடன் கொண்டு. நனைந்த கையுறையை அந்த நொடியே கழற்றுங்கள். தகடு கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முலுண்ட் மாணவி:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எத்தில் அசிடேட்டுக்கு மாறிய முதல் நாள் எதுவும் சரியாக வரவில்லை. சொட்டவிடும் நேரத்தை ஆறு நொடி முன்னே நகர்த்திய பிறகு, வெளியே கொட்டும் மழையிலும் பளபளப்பான படலங்கள் கிடைக்கின்றன. திறன் 15 வரை திரும்பியிருக்கிறது. மஞ்சளான வெறும் படலங்கள் ஹாட் பிளேட்டில் மறுபடி கறுத்தன. ஆகவே அது நிலை மாற்றம்தான். சிலிக்கா ஜெல்லைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அது இளஞ்சிவப்பாகவே எனக்கு அறிமுகமானது, நீலமாக நான் அதைப் பார்த்ததே இல்லை.

சீசியம் 18 விழுக்காட்டில் புதிய தகடுகள் செய்து, தொகுதி தயாரிப்பவர் சொன்னபடி நான்காகப் பிரித்து வைத்திருக்கிறேன். தனி க்ளவ் பாக்ஸ் கேட்டு எழுதிய விண்ணப்பம் மேசையிலேயே இருக்கிறது; உலர்ந்த 85 டிகிரியில் இருக்கும் தகடே முதலில் வீழ்ந்தால், கேட்க வேண்டியது க்ளவ் பாக்ஸ் அன்று, ஸ்பைரோவுக்கு ஒரு மாற்று.