மலையில் கைவிட்ட 190 நியூட்டன் மீட்டர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மலைப்பித்தன்:

காரவள்ளிக்கு மேலே உள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கொல்லிமலை போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னால் அக்கா வீட்டு மாமாவின் 1.3 லிட்டர் டீசல் கார். பின்னால் நாங்கள், 1.2 லிட்டர் பெட்ரோல். அவருடையதில் 2000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை. எங்களுடையதில் 4200-ல் 113. "மலையில் உன் வண்டி திணறும் பார், மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கியது. மாமா ஒதுங்கி, ஏறக்குறைய நின்றுவிட்டு, இரண்டாவது கியரிலேயே மிதித்தார். கார் உடம்பெல்லாம் நடுங்கியது, ஏறவில்லை. திடீரென்று எஞ்சின் நின்று, கார் பின்னோக்கி உருண்டது. உள்ளே அக்காவின் மடியில் குழந்தை. அந்தச் சிவப்புப் பின்விளக்குகள் எங்கள் பானெட்டை நோக்கி வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நல்லவேளை, பிரேக் பிடித்துவிட்டார். அதே வளைவில் நாங்கள் முதல் கியரில், 3500-க்குக் குறையாமல் ஏறிவிட்டோம். அந்த 190 எங்கே போயிற்று?

புல்லட் நேசன்:

டீசலின் டார்க்கைக் குறை சொல்லாதீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். என்னிடம் கிளாசிக் 350 புல்லட் பைக்; 4000-ல் 27 நியூட்டன் மீட்டர். நண்பரிடம் டியூக் 200 பைக். அட்டகட்டி அருகே நல்ல மூடுபனி. பின்னால் மனைவி, இரண்டு பைகள். மூன்றாவது கியரை விட்டு இறங்காமல் என் வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. நண்பர் ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து எஞ்சினை அலறவிட்டார். அந்த அலறல் பனிக்குள்ளிருந்து வந்தது இன்னும் காதில் இருக்கிறது. டார்க்தான் எல்லாம். குதிரைத்திறன் விளம்பரத்துக்கு.

பட்டறைக்காரன்:

புல்லட் நேசன் அவர்களே, உங்கள் அனுபவம் உண்மை, முடிவு தவறு. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் வரும். உங்கள் 27, 4000-ல் 11 கிலோவாட்டுக்குச் சற்று மேல். டியூக்கின் டார்க் 19-க்குச் சற்று மேல்தான்; ஆனால் அது 8000-ல் வருவதால் 16 கிலோவாட். நண்பர் அந்தச் சுற்றிலேயே வைத்திருந்தால் பனிக்குள் அவர் வண்டியை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். குறைந்த சுற்றில் கிடைக்கும் டார்க் கைக்குச் சுகம் தரும். மலையேறும் வேகத்தைத் தீர்மானிப்பது திறன்.

மலைப்பித்தன், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சுழல, வெளியேறும் புகைக்கு வேகம் வேண்டும். சுமார் 1500-க்குக் கீழே அந்தக் கார் வெறும் சின்ன டீசல் எஞ்சின்தான். இரண்டாவது கியரும், சக்கரத்துக்கு முன்னால் உள்ள கடைசிக் குறைப்புப் பல்சக்கரமும் சேர்ந்து டார்க்கை ஏறத்தாழ 7 மடங்காக்கும். முழு 190 கிடைத்திருந்தாலும் சக்கரத்தில் 1330 நியூட்டன் மீட்டர். உங்கள் முதல் கியரில் ஏறத்தாழ 14 மடங்கு. 100 கிடைத்தாலே 1400.

மலையேறி வந்த ஒரு காரைப் போன மாதம் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கதவைத் திறந்ததும் கிளட்ச் கருகிய நாற்றம். அதனால் சொல்கிறேன்: வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறையுங்கள், வளைவின் நடுவில் அல்ல. பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கை பிரேக் எதற்கு இருக்கிறது? இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குபவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும். நியூட்ரலில் போட்டால் எஞ்சினின் தடை முழுவதும் போய்விடும், பிரேக் தனியாகச் சூடேறும். பிரேக் திரவத்தையும் காலத்தில் மாற்றுங்கள். ஈரம் சேர்ந்த திரவம் சீக்கிரம் கொதிக்கும், மிதி தரை வரை போகும். டயர் காற்றையும் பாருங்கள்.

கரும்புக்காடு:

கார் கணக்கு எனக்குத் தெரியாது, டிராக்டர் தெரியும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர் வரப்பு மேட்டில் ஏறும்போது எஞ்சின் சத்தம் கனத்து, சுற்று 2000-லிருந்து இறங்கும். நின்றுவிடும் என்று முதல்முறை பார்ப்பவர் நினைப்பார். 1500 வாக்கில் அந்தச் சத்தம் ஒரே இடத்தில் நிலைத்துவிடும்; பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு நகரும். அந்த ஒரு கணத்தைக் கேட்கத்தான் எனக்கு டிராக்டர் பிடிக்கும். சுற்று இறங்க இறங்க டார்க் கூடும்படி அந்த எஞ்சின் அமைந்திருக்கிறது. அந்த உச்சத்துக்கும் கீழே தள்ளினால் சுற்றும் குறையும், டார்க்கும் குறையும், வண்டி நின்றே போகும். மாமாவின் கார் எஞ்சினும் அந்த உச்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சுமையைப் பார்த்து முதலிலேயே கியர் போடுவதுதான் எங்கள் வழக்கம்; நடுமேட்டில் மாற்றினால் டிரெய்லர் பின்னுக்கு இழுக்கும்.

புல்லட் நேசன்:

பட்டறைக்காரன் ஐயா, பெருக்கல் சரி. ஆனால் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனியில், எதிரே லாரி வரும் பாதையில், 8000 ஆர்பிஎம்மை யார் விடாமல் பிடித்திருப்பார்? நண்பர் வளைவுக்கு வளைவு 4000-க்குக் கீழே விழுந்துகொண்டே இருந்தார். அங்கே அவருக்கு என்ன கிலோவாட் கிடைத்தது என்பதையும் கணக்கிட்டு எழுதுங்கள்.