உடல் கறுத்த ரோஸ்

மழைக்காலம் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு நாளில், ஒன்பது பேர் கொண்ட எங்கள் குழு காட்டு ஓடையை ஒட்டிய பாதையில் பட்டாம்பூச்சிகளைப் படமெடுக்கச் சென்றது. காலை ஆறரை மணிக்கே கிளம்ப வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். பறவை பார்க்கப் போய்ப் பழகியதால் வந்த பிழை அது. பறப்பதற்கான தசைகள் வெயிலில் சூடேறாமல் பட்டாம்பூச்சி இலையை விட்டு எழாது என்பதை அறிந்திருந்தும் மறந்துவிட்டேன். எட்டரை மணி வரை ஈரப் புல்லையும் ஒருவர் முகத்தை மற்றவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓடைக்கரை மணலில் வெயில் விழுந்ததும் நிலைமை மாறியது. காமன் ப்ளூபாட்டில் என்னும் பட்டாம்பூச்சிகள் இருபதுக்கும் மேல் ஒரே இடத்தில் இறங்கி, இறக்கைகளை மூடியபடி உறிஞ்சுகுழலை ஈர மணலில் செலுத்தி உட்கார்ந்திருந்தன. அவ்வப்போது வயிற்றின் நுனியிலிருந்து ஒரு துளி நீர் பீய்ச்சி வெளியேறுவதை வெறும் கண்ணாலேயே காண முடிந்தது. உப்பை வைத்துக்கொண்டு நீரைத் தள்ளிவிடுகின்றன. இப்படிக் கூடுபவை பெரும்பாலும் ஆண்களே. சேர்க்கும் உப்பில் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்குச் செல்கிறது. இதைக் கண்ட மகிழ்ச்சியில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் முன்னேறினோம். எங்கள் நிழல் மணலில் விழுந்த கணத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன்பின் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், நிழல் பின்னால் விழும்படி, முழங்காலில் தவழ்ந்து செல்வது என்று முடிவு செய்தோம். பறந்தவை பத்து நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பியதால் எல்லோருக்கும் படம் கிடைத்தது.

நான் முதன்மையாகச் சொல்ல வந்தது பகல் பதினொரு மணிக்கு நடந்தது. பூத்திருந்த உண்ணிச்செடிப் புதர் ஒன்றில், கறுத்த முன்னிறக்கையும், பின்னிறக்கை நடுவே வெண்திட்டும், ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் கொண்ட ஒரு பெரிய பட்டாம்பூச்சி தேன் குடித்துக்கொண்டிருந்தது. "காமன் ரோஸ்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, முப்பது படங்கள் எடுத்தேன். குழுவில் மூத்தவரான ஓர் அம்மா என் கேமராத் திரையை எட்டிப் பார்த்து, "இறக்கையை மட்டுமே பார்த்தீர்களா, உடலைப் பார்க்கவில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன், உடல் முழுக்கக் கறுப்பு. காமன் ரோஸ் என்றால் தலையிலும் வயிற்றுப் பகுதியிலும் சிவப்பு இருந்தே தீரும். இது காமன் மார்மனின், அதாவது கறிவேப்பிலை அழகியின், பெண்.

ரோஸின் புழு ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகளைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், அதைப் பறவைகள் தீண்டுவதில்லை. நஞ்சில்லாத மார்மன் பெண் அந்த வேடத்தைப் பூண்டு தப்பிக்கிறது. வியப்பு என்னவென்றால், மார்மனின் பெண்களிலேயே ஆணைப் போன்றவை, காமன் ரோஸைப் போன்றவை, மற்றொரு நச்சுப் பட்டாம்பூச்சியான கிரிம்சன் ரோஸைப் போன்றவை என மூன்று வடிவங்கள் உண்டு. அமேசான் காடுகளில் பதினொரு ஆண்டுகள் பூச்சிகளைச் சேகரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் விளக்கிய ஒப்புமைதான் இது. மார்மனில் இவ்வடிவங்களைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்னும் ஒற்றை மரபணு என்று 2014இல் கண்டறியப்பட்டது. பறவையை ஏமாற்றுவதற்கு உருவான வேடம் என்னையும் ஏமாற்றியதில் எனக்கு வெட்கத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. அன்று பிற்பகலே உண்மையான ரோஸ் ஒன்றும் வந்தது. அவசரமே இல்லாத அதன் மெதுவான பறத்தலை ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்வது கடினம்.

மஞ்சள் சிறுபூச்சிகள் விஷயத்தில் அவ்வளவு எளிதாகத் தீர்வு கிடைக்கவில்லை. கிராஸ் யெல்லோ வகைகளில் முன்னிறக்கை அடிப்புறத்தின் நடு அறையில் இரண்டு புள்ளிகள் இருந்தால் காமன், மூன்று இருந்தால் த்ரீ-ஸ்பாட். அமர்ந்ததும் முன்னிறக்கையைப் பின்னிறக்கைக்குள் இழுத்துக்கொள்வதால் அந்த அறையே மறைந்துவிடுகிறது. என்னிடமுள்ள நாற்பது படங்களில் புள்ளிகளை எண்ண முடிந்தவை நான்கு. அவற்றைக் காமன் என்று எழுதி, மற்றவற்றைக் கிராஸ் யெல்லோ என்ற பொதுப்பெயரோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியே தீர வேண்டுமென்று வாதிட்ட நண்பரோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. மாலை மங்கலில் பாதையோரச் சருகிலிருந்து எழுந்த இரண்டு பூச்சிகளில், ஒன்றில் கண்புள்ளிகள் தெளிவாக இருந்தன, மற்றொன்று அசல் காய்ந்த இலையைப் போலவே இருந்தது. இரண்டு இனங்கள் என்று பட்டியலில் ஏறியிருக்கும். அந்த அம்மாதான், ஒரே இனமான காமன் ஈவினிங் பிரவுனின் மழைக்கால வடிவமும் வறண்டகால வடிவமும் பருவம் மாறும் வேளையில் சேர்ந்தே தென்படும் என்று தடுத்தார்.

திரும்பும் வழியில் நடந்ததை விட்டுவிட மனமில்லை. குழுவில் இளையவரான தம்பியின் வலது கை ஆள்காட்டி விரலில் பீ ப்ளூ என்னும் சிறு பட்டாம்பூச்சி ஒன்று வந்தமர்ந்து வியர்வையை உறிஞ்சத் தொடங்கியது. அவரால் கேமராவின் பொத்தானை அழுத்தவும் முடியவில்லை, கையை அசைக்கவும் மனமில்லை. நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம்: பின்னிறக்கைகளை ஒன்றோடொன்று மேலும் கீழுமாகத் தேய்க்க, ஒன்றிலிருந்த நூல்போன்ற வால் உணர்கொம்பைப் போல ஆடியது, அதன் அடியில் இரண்டு கரும்புள்ளிகள் கண்களாகத் தோன்றின. மற்றோர் இறக்கையில் வாலும் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு இருந்தது. ஏதோ ஒரு பறவையோ பல்லியோ தலையென்று நம்பிக் கடித்து, இறக்கைத் துண்டோடு ஏமாந்து போயிருக்க வேண்டும். இரண்டு பேர் கைபேசியில் படமெடுத்தார்கள். இரண்டிலுமே தலை மங்கலாகவும், அந்தப் பொய்க் கண் கூர்மையாகவும் விழுந்திருக்கிறது.