மறு: ஸ்க்ரீண்ட் போர்ச், சன்ரூம், அவுட்டோர் ரூம் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினாவில் வீடு வாங்கும் தமிழர்களுக்காகக் கையேடு எழுதும் நண்பர், வீட்டோடு ஒட்டி அமையும் மூன்று வகை இடங்களின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகள்:

> சன்ரூம் – சூரிய அறை, வெயிலறை
> ஸ்க்ரீண்ட் போர்ச் – வலைத் திண்ணை
> அவுட்டோர் ரூம் – திறந்தவெளி அறை

இவற்றில் எதையும் அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வீடு வாங்குபவர் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் முடிவு செய்வது ஒரே விஷயத்தைத்தான்: தனக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும்? வெறும் கூரை போதுமா (அவுட்டோர் ரூம்), வலை வேண்டுமா (ஸ்க்ரீண்ட் போர்ச்), கண்ணாடி வேண்டுமா (சன்ரூம்)? செலவு, அனுமதி, பயன்படும் மாதங்கள் எல்லாம் இதைப் பொறுத்தவை. சொல்லைக் கேட்டவுடனே அந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முதலில் சன்ரூம். அமெரிக்காவில் கையாளப்படும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு (ஐ.ஆர்.சி.) இதற்குத் தரும் வரையறையில் சூரியனே இல்லை. வீட்டோடு ஒட்டிய ஒற்றை மாடிக் கட்டுமானம். அதன் வெளிச்சுவர்கள், கூரை இரண்டின் மொத்தப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி போன்ற ஒளி புகும் பொருள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வடக்குப் பார்த்துக் கட்டி, நேர் வெயிலே விழாவிட்டாலும் அது சன்ரூம்தான். ஆகவே 'கண்ணாடிக்கூடம்' என்கிறேன். 'வெயிலறை' என்றால் நம்மவர் காதில் புழுக்கம்தான் கேட்கும். ஜனவரியில் வெளியே பனி கிடக்க, உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கலாம் என்ற ஆசையோடு இதைக் கட்டுபவரின் நோக்கத்துக்கே அந்தச் சொல் எதிராக நிற்கிறது.

அடுத்தது ஸ்க்ரீண்ட் போர்ச். இதைத் திண்ணை என்று சொல்வதை நான் உறுதியாக மறுக்கிறேன். திண்ணை தெருவைப் பார்த்தது. வழிப்போக்கன் கேட்காமலே உட்காரலாம், படுக்கலாம். கரோலினாவில் நான் பார்க்கும் ஸ்க்ரீண்ட் போர்ச் பெரும்பாலும் வீட்டின் பின்புறம், சமையலறையோ கூடமோ திறக்கும் இடத்தில் இருக்கிறது. வீட்டாரின் தனியிடம் அது. கட்டட அமைப்பில் அதற்கு நெருங்கிய உறவு தாழ்வாரம். வீட்டுக் கூரை நீண்டு இறங்கி, தூண்கள் தாங்க, அடியில் ஒரு நடை. அந்தத் தூண்களுக்கு இடையே வலை அடித்தால் ஸ்க்ரீண்ட் போர்ச் ஆயிற்று.

'வலைத் தாழ்வாரம்' என்று சுருக்கலாம் என்றால் வேறொரு சிக்கல் வருகிறது. வலைத்தளம், வலைப்பூ, வலையொளி என்று பழகிய கண்ணுக்கு அது ஏதோ இணையச் சங்கதி போலத் தெரியும். 'கொசுவலைத் தாழ்வாரம்' என்றே வைத்துக்கொள்வோம். சற்று நீளம்தான், ஆனால் 'கொசுவலை அடித்த ஜன்னல்' என்று சென்னையில் தச்சரிடம் சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1904இல் அமெரிக்கர்கள் பனாமா கால்வாய் வேலையை எடுத்துக்கொண்டபோது, மருத்துவ அதிகாரி வில்லியம் கோர்காஸ் மஞ்சள் காய்ச்சலையும் மலேரியாவையும் ஒடுக்கச் செய்தவற்றில் ஒன்று, மருத்துவமனை, குடியிருப்பு வராந்தாக்களைக் கம்பிவலையால் அடைத்தது.

கையேட்டில் வலையைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 18க்கு 16 வலை: ஓர் அங்குலத்தில் ஒரு திசையில் 18 இழை, மறு திசையில் 16. கொசுவுக்கு அது போதும். கடலோரத்தில் கடிக்கும் பொடி ஈக்கள் அதில் நுழைந்துவிடும். அங்கே 20க்கு 20 வேண்டும். வலைக்கண் சிறுத்தால் காற்றும் குறையும். அலுமினியச் சட்டத்தின் விளிம்பில் ஓடும் பள்ளத்தில் வலையைப் பரப்பி, மேலே ரப்பர் கயிற்றை வைத்து, சிறு உருளையால் அழுத்திக்கொண்டே போவார்கள். வலை விறைத்து நிற்கும். பிய்ந்துபோனால் கயிற்றை உருவிவிட்டு வீட்டுக்காரரே வேறு வலை மாட்டிக்கொள்ளலாம். இந்த வலைகளால் தடுக்க முடியாதது பைன் மரத்தின் மகரந்தம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நாற்காலி, மேசை, தரை எங்கும் மஞ்சள் பொடி. துடைத்த மறுநாளே மீண்டும் மஞ்சள். சாரலும் உள்ளே வரும். தரை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கரோலினாவில் எது கட்டலாம் என்று கேட்டால் கொசுவலைத் தாழ்வாரம் என்றுதான் சொல்வேன். மேலே ஒரு மின்விசிறி போட்டால் ஆண்டில் பெரும்பகுதி அதில் உட்காரலாம். மேற்குப் பார்த்த கண்ணாடிக்கூடத்தில் ஜூலை பிற்பகலில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. கடுங்குளிர் மாநிலமான மினசோட்டாவில் கணக்கு தலைகீழ். அங்கே வெப்பமூட்டிய கண்ணாடிக்கூடம்தான் காசுக்கு ஏற்ற பலன் தரும். ஆனால் மினியாபொலிஸ் பக்கம் அஸ்திவாரத்தையே 42 அங்குலம் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையும் மண் கட்டடத்தைத் தூக்கிவிடும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இப்போது என்னை மிகவும் யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். சன்ரூமிலேயே 'த்ரீ சீசன்', 'ஃபோர் சீசன்' என இரண்டு வகை. வெப்பமூட்டும் வசதி இல்லாதது முதலாவது. ஆண்டு முழுதும் பயன்படுவது இரண்டாவது. இதில் பணம் இருக்கிறது. வீட்டின் பரப்பை அளக்க மதிப்பீட்டாளர்கள் கையாளும், அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் (அன்ஸி) தரநிலைப்படி, ஆண்டு முழுதும் குடியிருக்கத் தகுந்த, முழுமையாகக் கட்டி முடித்த இடமே வாழ்பரப்பில் சேரும். முதல் வகை சேராது. அதையும் சேர்த்து ஒருவர் விலை சொன்னால், வாங்குபவருக்கு அந்த வேறுபாடு தமிழில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

> முப்பருவ அறை, நாற்பருவ அறை

இந்த இரண்டு வகைக்கும் இப்படிச் சொல்வது சொல்லுக்குச் சொல் வைத்தது. ஆறு பருவம் எண்ணிப் பழகிய மொழியில் 'முப்பருவம்' என்றால் எந்த மூன்று? நெடுநல்வாடை கையில் இருக்கிறதே. வாடைக் காலம் வந்ததும் 'வேனிற் பள்ளித் தென்வளி தரூஉம்' (வேனிற்காலப் படுக்கையிடத்துக்குத் தென்றலைத் தரும்) சாளரத்தின் கதவைத் தாழிட்டு மூடிவிடுகிறார்கள். குளிர் வந்ததும் மூடப்படும் கோடைக்கால இடம். 'த்ரீ சீசன் ரூம்' என்பதும் அதுதான். ஆகவே வெப்பமூட்டாதது 'வேனிற்கூடம்', மற்றது 'முழுவாண்டுக் கண்ணாடிக்கூடம்'. வேனிற்கூடம் வாழ்பரப்பில் சேராது என்ற குறிப்பு சொல்லோடு ஒட்டியே வரட்டும்.

அவுட்டோர் ரூம் எளிது. கூரை உண்டு, அடுப்போ கணப்போ உண்டு, சுவர் இல்லை. சுவரில்லாததை அறை என்று அழைக்க வேண்டாம், 'வெளிக்கூடம்' போதும். கூரைக்குப் பதில் சட்டங்கள் மட்டும் இருந்தால் அது பெர்கோலா. அதற்குக் 'கொடிப்பந்தல்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

டொராண்டோ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈழத்து வழக்கில் 'விறாந்தை' உயிரோடு இருக்கிறது. கையேடு அங்கேயும் போகும் என்றால் 'கொசுவலை விறாந்தை' என்பதையும் இணைச்சொல்லாகப் போடலாமா? உங்கள் வீடுகளில் இதை இப்போது எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு பட்டியலை இறுதி செய்து நண்பருக்கு அனுப்பலாம்.

அன்புடன்