கலைச்சொல்: ஸ்காட்லாந்தின் பழைய வெள்ளி 'புரூச்' வகைகள்

> புரூச் = உடையூக்கு
> லக்கன்பூத் புரூச் = இதயப்பூட்டு

வணக்கம் ஐயா.

உடையில் குத்தும் நகையான புரூச்சுக்கு மேலே முன்மொழிந்த தமிழ்ச் சொற்கள் இரண்டும் இடிக்கின்றன. ஊக்கு என்றாலே சுருளும் மூடியும் உள்ள சேஃப்டி பின்தான் கண்ணில் வரும். ஸ்காட்லாந்தின் பழைய இதய வடிவ லக்கன்பூத் புரூச்சில் இரண்டும் கிடையாது. சட்டத்தின் ஒரு பக்கத்தைச் சுற்றி ஊசியின் அடி வளைந்திருக்கும். முனையைப் பிடிக்கக் கொக்கி இல்லை. துணியைப் பின்னாலிருந்து சட்டத்தின் நடுவே கொசுவி இழுத்து, கொசுவத்தில் ஊசியைக் குத்தி, துணியைத் திரும்பப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். ஊசிமுனை எதிர்ச்சட்டத்தின் மேல் படிந்து நின்றுவிடும். துணியின் இழுப்புதான் அங்கே பூட்டு.

கம்பளித் துணிக்கு இது சரி. மெல்லிய துணியில் கொசுவம் தடிக்காது, ஊசி நழுவும். அதற்காகச் சிலர் பின்பக்கம் ஈயப்பற்றில் ஒரு கொக்கி வைத்துவிடுவார்கள். பிறகு எப்போதாவது பழுதுபார்க்கச் சூடேற்றினால் ஈயம் வெள்ளியைத் தின்று குழி விழும். விக்டோரியா காலத்துப் புரூச்சுகளில் கொக்கி முதலிலிருந்தே உண்டு. ஆகவே கொக்கியைக் கண்டதும் போலி என்று தள்ளிவிடவும் முடியாது.

எனவே புரூச் = உடையூசி; உறுப்புகள் சட்டம், ஊசி, கொக்கி. 'லக்கன்' என்றால் ஸ்காட்ஸ் மொழியில் பூட்டிய என்று பொருள்தான். ஆனால் பூட்டு கடைக்கு, இதயத்துக்கு அல்ல. எடின்பரோவில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டியிருந்த பூட்டுக்கடை வரிசையின் பெயர் அது. கடைசிக் கட்டடங்களை 1817இல் இடித்தார்கள். இடப்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்: லக்கன்பூத் உடையூசி.

---

> பெனானுலர் = பிறைவளைய உடையூசி

உடையூசிக்கு என் ஒப்புதல். பிறைக்கு இல்லை. பிறையின் நுனி கூரும். ஓரிடத்தில் இடைவெளி விட்ட இந்த வளையத்தின் நுனிகளோ அகன்று தட்டையாகும். அந்த அகலம் வெறும் அலங்காரம் இல்லை. ஊசியைத் துணியில் குத்தி, வளையத்தின் இடைவெளி வழியே ஊசிமுனையை மேலே கொண்டுவந்து, வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். வளையத்தின் மேல் நகரும் ஊசியின் அடிக்கண் கழன்று விழாமல் காப்பது அந்த அகன்ற நுனிகள். இடைவெளி ஊசியின் தடிப்பைவிடக் குறுகினால் பூட்டவே முடியாது.

பானைக்கு வாய் இருப்பதுபோல் வளையத்துக்கு வாய்: வாய்வளைய உடையூசி. ஷெட்லாந்தின் செயின்ட் நினியன் தீவில் 1958இல் கிடைத்த புதையலில் இருந்த 12 உடையூசிகளுக்கும் இது பொருந்தும். ஏர்ஷயரில் கிடைத்த ஹண்டர்ஸ்டன் உடையூசிக்குப் பொருந்தாது: ஏறத்தாழ கி.பி. 700ஐச் சேர்ந்த அதில் நுனிகள் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. அதை 'மூடுவாய் வளையம்' என்போம். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாண்டின் பெண்கள் மேற்போர்வையை மார்பில் சேர்த்துக் குத்திய தட்டை வட்டம் 'முழுவளையம்'.

---

> விச் புரூச் = சூனியக்காரி ஊசி

அம்மா, இதைப் படிப்பவர் சூனியம் வைக்கும் ஊசி என்றல்லவா நினைப்பார்! பொருள் நேர் எதிர். நிச்சயத்தின்போது பெண்ணுக்குக் கொடுத்த இதய உடையூசியையே பிறகு குழந்தையின் உள்பாவாடையிலோ போர்வையிலோ குத்துவார்கள். கண்ணேறு படாது, தேவதைகள் பிள்ளையைத் தூக்கிப்போக மாட்டா என்ற நம்பிக்கை. பாலூட்டும் தாய்க்குப் பால் வற்றாது என்றும் சொல்வதுண்டு.

'காப்பு உடையூசி' என்றால் நகைப் பேச்சில் காப்பு வளையலாகிவிடும். 'காப்பூசி' தடுப்பூசிக்குத் தம்பி போல ஒலிக்கிறது. 'கண்ணேற்று உடையூசி'யும் கண்ணேறு தருவதுபோல் தொனிக்கலாம். என் முன்மொழிவு: சூனியந்தடுப்பு உடையூசி. நீளம்தான், பொருள் மாறாது.

ஸ்காட்லாந்தின் மேரி அரசியின் பெயரிலுள்ள முதலெழுத்து 'எம்' போல இரட்டை இதயம் தெரிவதால் 'மேரி ஊசி' என்றும் ஒரு பெயர் உலவுகிறது. அதை வழக்குப்பெயராகக் குறித்தால் போதும், தலைச்சொல்லாக வேண்டாம். வெள்ளியைச் சோதித்துக் குத்தும் முத்திரைகளுக்கு எடின்பரோவின் மூன்று கோபுரக் கோட்டை, 1759 முதல் 1975 வரை திசில் முட்செடி என்று நேரடியாகவே எழுதலாம். சிறிய உடையூசிகள் பலவற்றில் செய்தவரின் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். 'முத்திரை இல்லை, ஆகவே வெள்ளி இல்லை' என்று விளக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.