கோவா (முட்டைக்கோஸ்) இலையின் மெழுகு படத்தில் தெரியாமற் போனது ஏன்?

கேள்வி
நுவரெலியாவில் எங்கள் லயனுக்குப் பின்னால் அப்பா கோவாவும் லீக்ஸும் பயிரிடுகிறார். கோவா இலையில் நீர் ஒட்டாமல் மணிமணியாக உருள்வதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்ததால், அதன் மேற்பரப்பு மெழுகையே இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். இலைத்துண்டுகளை எதனோலில் படிப்படியாக நீர் நீக்கி, அசற்றோனுக்கு மாற்றி, திரவ காபனீரொட்சைட்டைப் பயன்படுத்தும் அவதிப்புள்ளி முறையில் உலர்த்தி, பொன் பூசி, இலத்திரன் கற்றையால் மேற்பரப்பைப் படமெடுக்கும் வருடல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மேற்றோற் கலங்களும் இலைவாய்களும் தெளிவாகத் தெரிந்தன. மெழுகுப் பளிங்குகளை மட்டும் காணவில்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி 1
தங்கச்சி, மெழுகு கழுவப்பட்டுப் போயிருக்கிறது. கோவா மெழுகின் பெரும்பகுதி 29 காபன் அணுக்கள் கொண்ட அல்கேனும் அதே நீளமுள்ள கீற்றோனும் ஆகும். அசற்றோனும், அவதிப்புள்ளி உலர்த்தலில் பயன்படும் திரவ காபனீரொட்சைட்டும், ஓரளவுக்கு எதனோலும் அவற்றைக் கரைத்தோ குலைத்தோ விடுகின்றன. கலங்களின் வடிவத்தைக் காக்க உருவான முறை அது, மெழுகுக்கு உரியதன்று. பசிய இலையிலிருந்து சிறு துண்டை வெட்டி, தாங்கியில் ஒட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பாத்திரத்தில் மெதுவாக உலரவிட்டுப் பொன் பூசுங்கள். கலங்கள் சுருங்கத்தான் செய்யும், ஆனால் குச்சி, குழாய், கிளைத்த தகடு போன்ற பளிங்குகள் பெரும்பாலும் நிலைக்கும். திரவ நைதரசனில் உறையவைத்துப் பார்க்கும் வசதி கிடைத்தால் அதுவே மிகச் சிறந்தது. இலத்திரன் கற்றையின் வெப்பம் மெழுகை உருக்கக்கூடும் என்பதால் கற்றையை முடுக்கும் மின்னழுத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.

மறுமொழி 2
மாதிரி எடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். விரல் ஒருமுறை பட்டாலே மெழுகு தேய்ந்துவிடும். இலையின் ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடியுங்கள். மருந்து இலையில் பரவுவதற்காக அதனுடன் கலந்து தெளிக்கும் ஒட்டுத் திரவம் மெழுகின் அமைப்பை மாற்றிவிடும் என்பதால், மருந்தடித்த செடியை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். அடைமழையில் நின்ற முதிர்ந்த இலையும் ஒப்பீட்டுக்கு உதவாது. நகப்பூச்சினால் படி எடுக்கும் முறையை நம்ப வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் மெழுகையும் கரைக்கும், இலைவாய் மட்டுமே பதியும்.

மறுமொழி 3
பளிங்குகளுக்கு நாமாகப் பெயர் சூட்டாமல், தாவரவியலாளர் பார்த்லோட் முதலானோர் 1998இல் வகுத்த 23 மெழுகு வகைகளோடு ஒப்பிட்டு எழுதினால் ஆய்வு உறுதிபெறும். உங்கள் தோட்டத்து யூகலிப்டஸின் இளம் இலையையும் சேர்த்துப் பாருங்கள். அதன் வெண்சாம்பல் பூச்சும் மெழுகே.

கேட்டவர்
மிக்க நன்றி. வரிசையின் கடைசி ஆறு செடிகளுக்கு மருந்தடிக்காமல் விட அப்பா சம்மதித்துவிட்டார். மழை ஓய்ந்து புதிய இலைகள் விரிந்ததும் காற்றில் உலர்த்தியே மீண்டும் தொடங்குகிறேன்.