கார் மெக்கானிக் டூல்ஸ் வைக்க எது சரி: டிராயர் டிராலியா, அஞ்சு தட்டுப் பெட்டியா?

ஸ்பேனர்_சேலம்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். எல்லா கம்பெனி காரும் வரும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. டூல்ஸ் சொந்தம்: 6 முதல் 32 வரை காம்பினேஷன் ஸ்பேனர், ரிங் செட், அரை இன்ச், கால் இன்ச் சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்குவது), பிளையர் வகைகள், இரண்டு புல்லர் (பேரிங், கியர் இழுத்துக் கழற்றுவது), மல்டிமீட்டர், ஸ்கேனர். எல்லாம் இரண்டு தகரப் பெட்டியில் குவிந்து கிடக்கிறது. ஒரு 14 நம்பர் ஸ்பேனர் எடுக்க மொத்தத்தையும் கிளற வேண்டியிருக்கிறது. 25 ஆயிரம் வரை போடலாம். ஏழு டிராயர் டிராலி, திறந்த மூணு தட்டு டிராலி, அஞ்சு தட்டுப் பெட்டி (இரண்டு பக்கமும் விரித்துத் திறக்கிற கைப்பெட்டி), இதில் எது? வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தால் சரிப்படுமா? தரை சிமென்ட், நடுவில் வாட்டர் வாஷ் தண்ணீர் போகிற கம்பி மூடி குறுக்கே ஓடுகிறது. பிரேக்டவுன் என்றால் வெளியேயும் போகணும்.

பட்டறை_கோவை:
தம்பி, கடைக்குப் போகும் முன் டூல்ஸை ஒரே அடுக்காகத் தரையில் பரப்பி டேப்பால் அளந்துவிடுங்கள். கார் வேலைச் சாமான்களில் பெரும்பாலானவை படுக்க வைத்தால் 2 இன்ச் உயரத்தைத் தாண்டாது. ஆகவே ஆழம் குறைந்த டிராயர்தான் நிறைய வேண்டும். 6 இன்ச் ஆழ டிராயரில் ஸ்பேனரைப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே வாரத்தில் அதுவும் தகரப் பெட்டி ஆகிவிடும். மேலே நாலைந்து டிராயர் 2–3 இன்ச், அடியில் இரண்டு 6 இன்ச் என்று வருகிற மாடலைத் தேடுங்கள். அடி இரண்டும் புல்லர், சுத்தியல், டிரில் மெஷினுக்கு.

வெளி அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 680 மில்லி (மில்லிமீட்டர்) அகல டிராலியில் டிராயரின் உள் அகலம் 570 பக்கம்தான் வரும், முன்பின் 400. அரை இன்ச் டார்க் ரெஞ்ச் அதில் நேராகப் படுக்கும். 600 மில்லி பிரேக்கர் பார் (இறுகிய நட்டைத் தளர்த்தும் நீளக் கைப்பிடி) மூலைக்கு மூலை (696 மில்லி) வைத்தால்தான் அடங்கும், ஒரு டிராயரே அதற்குப் போய்விடும். டிராலி பக்கவாட்டில் ஒரு பைப் துண்டு வைத்து அதில் சொருகிவிடுங்கள்.

தகடு: உடம்புக்கு 18 கேஜ் (1.2 மில்லி), டிராயருக்கு 20 கேஜ் (0.9). அதைவிட மெல்லிய 22 கேஜ் டிராயரில் சாக்கெட் செட் ஏறினால் அடித்தகடு தொங்கி, கீழ் டிராயரின் சாமானில் இடிக்கும். சேனல் (டிராயர் ஓடும் பக்கத் தடம்) பால் பேரிங் உள்ளதாக, ஜோடிக்கு 35–45 கிலோ தாங்குவதாக இருக்கணும். தகட்டின்மேல் தகடு உரசி ஓடும் வகையைத் தொடவே வேண்டாம். சேனல் முழுக்க வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். முக்கால் பங்கோடு நின்றால் பின்னால் 100 மில்லி கண்ணுக்கே தெரியாது, தொலைந்த சாக்கெட் எல்லாம் அங்கேதான் கிடக்கும். கடையிலேயே ஒரு டிராயரை முழுக்க இழுத்து, முன் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அஞ்சு தட்டுப் பெட்டியை முதன்மைப் பெட்டியாக வைக்க முடியாது. விரித்தால் இரண்டு மடங்கு இடம், அடித்தட்டைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முழுக்க விரிக்கணும், எடை கூடினால் கை இணைப்பு ரிவெட் தளர்ந்து தட்டு சாயும். வெளி வேலைக்கு அதுதான் சரி. 10 கிலோவுக்கு மேல் ஏற்றாமல், 8 முதல் 19 வரை ஸ்பேனர், ஒரு சின்ன சாக்கெட் செட், டெஸ்ட் லாம்ப், இன்சுலேஷன் டேப், சில ஃபியூஸ் என்று தனியாகவே வைத்துவிடுங்கள். டிராலியிலிருந்து எடுத்துப்போய்த் திரும்ப வைக்கும் பழக்கம் வந்தால் இரண்டு இடமும் குறையாகும்.

கிரீஸ்கன்:
உங்கள் இடத்தில் கம்பி மூடி இருக்கிறதே, அதனால் சக்கரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். 3 இன்ச் சக்கரம் கம்பி இடுக்கிலும் ஏர் ஹோஸ் மேலும் மாட்டி நின்றுவிடும். அந்த நேரத்தில் தள்ளுகிற வேகத்துக்கு டிராலி கவிழும். 5 இன்ச் (125 மில்லி), பாலியூரித்தேன் சக்கரம் போடுங்கள். ரப்பர் சக்கரம் ஆயிலில் ஊறிப் பிய்ந்துவிடும். நைலான் சுலபமாக உருளும், ஆனால் சின்னக் கல்லுக்கும் அதிர்ந்து டூல்ஸ் எல்லாம் இடம் மாறும்.

எடைக் கணக்கில் நாலு சக்கரத்தால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். மேடுபள்ளத் தரையில் எப்போதும் ஒரு சக்கரம் தூக்கித்தான் நிற்கும். டூல்ஸோடு 150 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 50, வாங்குவது 80க்கு மேல். கைப்பிடிப் பக்கம் இரண்டும் திரும்பும் சக்கரம், பிரேக்கோடு. எதிர்ப்பக்கம் இரண்டும் நேர்ச் சக்கரம்.

கனமானதை அடியில் போடுங்கள். நிரப்பும்போது கீழிருந்து, காலி செய்யும்போது மேலிருந்து. ஒரு டிராயர் திறந்திருந்தால் அடுத்தது திறக்காத பூட்டு உள்ள மாடல் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்குங்கள். மேல் மூன்று டிராயரையும் சேர்த்து இழுத்தால் முழு டிராலியும் கால்மேல் வரும்.

கோவை அண்ணன் ஒரே டிராலியோடு நிறுத்திவிட்டார், அதில் எனக்கு உடன்பாடில்லை. முதன்மை டிராலியை வண்டிக்கு வண்டி இழுக்காதீர்கள், சுவரோரம் நிற்கட்டும். திறந்த தட்டு வண்டி சின்னதாக ஒன்று செய்து, அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் அதில் எடுத்துப் போங்கள். கழற்றிய போல்ட்டுக்கும் அதில் இடம் கிடைக்கும்.

பட்டறை_கோவை:
பட்ஜெட் 25 ஆயிரம் என்பதால் இரண்டாவது வண்டியைச் சொல்லவில்லை. பிறகு செய்துகொள்ளலாம். டிராலி சுவரோரம் நிற்கணும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீலக்கடல்_தூத்துக்குடி:
துருவைப் பற்றி யாரும் பேசவில்லை. டிராயரில் சாதா ஸ்பாஞ்சு விரிக்கவே கூடாது, ஈரத்தையும் ஆயிலையும் குடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அதன்மேல் கிடக்கும் ஸ்பேனரின் அடிப்பக்கம் மட்டும் சிவந்துபோகும், குரோம் உரிந்த இடத்தில் முதலில். நைட்ரைல் ரப்பர் ஷீட் விரிக்கலாம், அல்லது நீர் உறிஞ்சாத ஈவிஏ ஃபோம். இரண்டு நிற ஈவிஏ வாங்கி, ஒவ்வொரு டூலின் உருவத்துக்கும் மேல் அடுக்கை வெட்டி எடுத்தால், எடுத்த இடத்தில் அடி நிறம் பளிச்சென்று தெரியும். பானெட் மூடும் முன் டிராயரை ஒரு பார்வை பார்த்தால் போதும், 10 நம்பர் சாக்கெட் இன்ஜின் மேல் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். பெல்ட்டில் போய் விழுந்தால் எவ்வளவு சேதம் என்று சொல்லத் தேவையில்லை.

பேட்டரி ஆசிட், பிரேக் ஆயில் இரண்டையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஆசிட் ஆவியே இரும்பைத் தின்னும், டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். டார்க் ரெஞ்சை அதன் ஸ்கேலில் உள்ள மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதற்குக் கீழே இறக்காதீர்கள். எலெக்ட்ரிக் கார் தொடுகிறீர்கள் என்றால் மின்காப்பு உறையும் 1000 வோல்ட் முத்திரையும் உள்ள டூல்ஸுக்குத் தனி டிராயர் வேண்டும். மற்ற இரும்போடு உரசி உறையில் கீறல் விழுந்தால் அதை நம்பிக் கை வைக்க முடியாது.

ஸ்பேனர்_சேலம்:
ரொம்ப நன்றி அண்ணன்மார்களே. பட்டறையில் செய்தால் எதைக் கவனிக்கணும்?

பட்டறை_கோவை:
அலமாரிக்குப் போடும் 45 மில்லி உயர டெலஸ்கோபிக் சேனலே போதும், 18 இன்ச் நீளம். ஒரு பக்கத்துக்கு 12.7 மில்லி இடம் வேண்டும். ஆகவே டிராயரின் வெளி அகலம், பாடியின் உள் அகலத்தைவிட 26 மில்லி குறைய வேண்டும். இதைப் படத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் தப்பாகும்.

தொடர்ந்து வெல்டு இழுத்தால் தகடு முறுக்கும். சின்னச் சின்ன டேக் (புள்ளி வெல்டு) வைத்து, எதிரெதிர் பக்கம் மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். முன்வாயின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். 2 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிராயர் இறுகும், பவுடர் கோட்டிங் (பொடி பெயிண்ட் தூவி அடுப்பில் சுடுவது) போன பிறகு அதைத் திருத்தவும் முடியாது.

சேனலை ஸ்க்ரூவில் மாட்டச் சொல்லுங்கள், அதுவும் கோட்டிங் முடிந்து வந்த பிறகு. முன்பே மாட்டி அடுப்பில் ஏற்றினால் 180–200 டிகிரியில் கிரீஸ் காய்ந்து பிளாஸ்டிக் ஸ்டாப்பர் உருகிவிடும். அலமாரி சேனலுக்கு மூடிய நிலையில் பிடிப்பு போதாது, டிராலியைத் தள்ளினால் டிராயர் தானாக வெளியே வரலாம். முன்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு தாழ்ப்பாள் பட்டை வைத்து அதிலேயே பூட்டும் போட்டுவிடுங்கள்.